எந்தச் சங்கத்திலும் இல்லாதவன்

கனடாவில், பார்க்டேலில் நாங்கள் மூவர் குடியிருந்த அப்பாட்மென்டுக்கு நீளமான வெள்ளை உறையில் கடிதம் வந்தால், அது குடிவரவுக் கந்தோரிலிருந்துதான் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. பில்கள் கண்ணாடித் தாள் வைத்த உறையில் வரும். ஊர்க் கடிதம் நீலத்தில் வரும். ஆகவே அந்த ஒக்ரோபர் மாலை நான் கொலிஜால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே, அகஸ்ரின் ஒரு வெள்ளை உறையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"மச்சான், வந்திட்டுது! லாண்டட் வந்திட்டுது! புனிதத்துக்கு ரெலிபோன் அடி!"

"கொண்டா இஞ்சை. உடைச்சனியே?"

"உன்ரை பேருக்கு வந்ததை நான் ஏன் உடைக்கிறன்? வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தனான். வாழ்த்துக்கள் எண்டு கிடக்குது. வேறை என்னத்துக்கு வாழ்த்துவாங்கள்?"

உடைத்தேன். அனுப்பியது நான் இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்த கொலிஜ். முதல் வருடத்தில் நான் எடுத்த புள்ளிகளுக்காக என்னை ஒரு ஒனர் சொசைற்றியில் சேர வரும்படி அழைத்திருந்தார்கள். திறமையான மாணவர்களுக்கென்று அமெரிக்காவில் தொடங்கிய சங்கம்; எங்கள் கொலிஜில் அதற்கு ஒரு கிளை. பெயர் மூன்று கிரேக்க எழுத்துகள். சேர விரும்பினால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை, சேர்த்துக்கொள்ளும் வைபவம்.

அகஸ்ரினின் முகம் விழுந்து, பிறகு தானாகவே எழும்பியது.

"சரி, உதுவும் நல்ல விஷயந்தானே. முப்பது கடந்த கிழவன், வெள்ளைப் பெடியளோடை இருந்து படிச்சு முன்னுக்கு வந்திருக்கிறாய். சேரடா."

குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அன்புராசா அண்ணை கத்தியோடு வெளியே வந்தார்.

"என்னத்திலை சேரச் சொல்லுறாய்?"

"கெட்டிக்காரப் பெடியளின்ரை சங்கமாம், அண்ணை."

"சங்கமோ?" அவர் என்னைப் பார்த்தார். "தம்பி ஸ்ரீதரன், உமக்கு என்ன விசரே? இன்ரவியூவை வைச்சுக்கொண்டு சங்கத்திலை சேரப் போறீரோ?"

அவர் சொன்னது விளங்க வேண்டுமானால் என் நிலைமையைச் சொல்ல வேண்டும். அகதி என்று என்னை ஏற்றுக்கொண்டு இரண்டு வருடமாகியும் நிரந்தரமாக இருக்கும் உரிமை வரவில்லை. அதைத்தான் லாண்டட் என்போம். எனக்கு வந்தால்தான் மனைவி புனிதவதிக்கும் வரும். கலியாணம் முடிந்து நாலாம் மாதம் நான் புறப்பட்டுவிட்டேன். அவள் நாலு வருடமாக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில், பொலிஸ் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருக்கிறாள். ஒரு கட்டில், தண்ணீர் சுடவைக்க ஒரு ஹீற்றர், றெயில் பாதையைப் பார்த்த ஒரு சன்னல் என்று அந்த அறையை எழுதியிருந்தாள். இங்கே நான் எதைத் தொட்டாலும், இது அவளை அந்த அறையிலிருந்து எடுக்குமா, இன்னும் அதற்குள் தள்ளுமா என்று பார்த்துத்தான் தொடுவேன்.

அந்த வசந்தத்தில் என்னை ஓர் இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நரைத்த மீசை வைத்த ஒபிசர், மரியாதையான மனிதர். ஒரே கேள்வியைப் பல பக்கத்தால் கேட்டார். எந்த இயக்கத்தில் இருந்தீர்கள்? இருக்கவில்லை. யாருக்கு உதவி செய்தீர்கள்? ஒருவருக்கும் இல்லை. மாணவர் அமைப்பு? இல்லை. விளையாட்டுக் கழகம்? இல்லை. எல்லாம் உண்மை. ஆள் கூடும் இடத்துக்குப் போகாத சுபாவம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. எங்கள் வாசிகசாலையில்கூட நின்றபடி பேப்பரை வாசித்துவிட்டு வந்தவனே தவிர, அங்கத்தவன் அல்ல. ஊரில் அதை என்னுடைய குறை என்றார்கள். இன்ரவியூ அறையில் என்னிடம் இருந்த ஒரே நல்ல பொருள் அதுதான். கடைசியில் ஒபிசர், இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். அந்த இரண்டாம் தடவை நவம்பர் முடிவில் வரவிருந்தது.

அன்புராசா அண்ணை கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"நான் செய்த பிழையை நீரும் செய்யாதையும். எந்தச் சங்கத்திலும் இருந்தனீரோ எண்டு அவன் கேக்க, உண்மையைச் சொல்லவேணும் எண்டு, வெங்காயச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் எண்டு சொல்லிப்போட்டன். விட்டானே? தலைவர் ஆர் எண்டு கேட்டான். காசு சேர்த்தனீங்களோ? ஓம், சந்தா. தலைமைக் கந்தோர் எங்கை? சத்தியம் செய்து சேர்ந்தனீரோ? சின்னம் ஏதும் இருந்ததோ? ஓம் ஐயா, சாக்கிலை ஒரு வெங்காயம் கீறிக் கிடக்கும் எண்டன். அதையும் எழுதினான்."

"ஆயுதம் இருந்ததோ எண்டு கேக்கேல்லையோ?" என்றான் அகஸ்ரின்.

"கேட்டவன். மண்வெட்டி எண்டு வாயிலை வந்தது. அடக்கிப்போட்டன்."

அகஸ்ரின் சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்தான். அண்ணை சிரிக்கவில்லை.

"சிரி, சிரி. எனக்குப் பின்னாலை வந்தவனெல்லாம் லாண்டட் எடுத்து, மனிசி பிள்ளையளைக் கூப்பிட்டு, வீடும் வாங்கிப்போட்டான். நான் இன்னும் உன்ரை குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

அகஸ்ரின் மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவன். ஒவ்வொரு நாளும் ஆட்கள் வந்திறங்குவதைப் பார்க்கிறவன் என்பதால் அவனுக்கு எல்லாம் நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. "வெங்காயமும் கொலிஜும் ஒண்டே, அண்ணை? இவனை நாடு மதிக்குது எண்டு காட்டினால் பைல் கெதியா ஓடும்," என்றான். அண்ணையோ, "ஓடும், ஓடும். வேறை கந்தோருக்கு ஓடும்," என்றார்.

எதையும் விசாரித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மறுநாள் வகுப்பு முடிந்ததும் மிஸிஸ் கோவால்சிக்கின் அறைக்குப் போனேன். சுற்று வரைபடம் கற்பிக்கிறவர். சங்கத்துக்கும் அவர்தான் பொறுப்பு. என்னைக் கண்டதும் எழுந்து நின்று கை குலுக்கினார். கனடாவில் எனக்காக ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"இந்தச் சங்கத்துக்குத் தலைவர் இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

"நிச்சயமாக. ஒவ்வொரு வருடமும் தெரிவு செய்வோம். நீங்களும் நிற்கலாம்."

"பணம் சேர்க்கிறீர்களா?"

"சேரும்போது ஒரு சிறு தொகை. பிறகு நல்ல காரியங்களுக்குச் சேர்ப்போம்."

"தலைமையகம்?"

"அமெரிக்காவில். உங்கள் பெயரையும் அங்கே அனுப்புவோம்."

"சேருகிறவர்கள் சத்தியம் செய்ய வேண்டுமா?"

"ஓ, அது மிக அழகான பகுதி. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஆளுக்கொரு மெழுகுதிரியோடு நின்று உறுதிமொழி எடுப்போம். பிறகு சட்டையில் சின்னம் குத்துவோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டவை என் கேள்விகள் அல்ல. ஒபிசர் அன்புராசா அண்ணையிடம் கேட்டதை அதே ஒழுங்கில் இந்த மனுஷியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொன்றுக்கும் மலர்ந்த முகத்தோடு ஓம் ஓம் என்றுகொண்டிருந்தார். ஆயுதம் ஒன்றுதான் மிச்சம். அதை நான் கேட்கவில்லை.

"இவ்வளவு அக்கறையாக விசாரித்துச் சேருகிறவரை நான் பார்த்ததில்லை," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, மிசிசாகாவில் உள்ள ஒரு கம்பனி ஒவ்வொரு வருடமும் இந்தச் சங்கத்திலிருந்து ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்கிறதென்றும், அது பெரும்பாலும் நிரந்தர வேலையில் முடியுமென்றும், இந்த வருடம் என் பெயரைத்தான் மனதில் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

தண்டவாளத்தில் ஓடும் குயின் தெரு ஸ்ரீற்காரில் நின்றுகொண்டு வரும்போது இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் காட்டினால், மனைவியைத் தாங்கக் கூடியவன் என்று தெரியும். அது புனிதத்தை இங்கே இழுக்கும். சேர்ந்தால், எந்தச் சங்கத்திலும் இல்லை என்ற என் பதில் போய்விடும். அது அவளை அங்கேயே வைத்திருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் வர வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்ரீற்காரில் சனம் நெருக்கியது. கதவுப் பக்கம் நகர முடியாமல் என் தரிப்பைத் தாண்டி இறங்கினேன்.

எங்கள் லோயரின் கந்தோர் சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில் இருந்தது. லோயரை வருடத்தில் ஒரு தடவை காணலாம். மற்ற நேரமெல்லாம் முன் மேசையில் இருக்கும் அமிர்தநாதர்தான். ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே எங்கள் விண்ணப்பங்களை மொழிபெயர்த்து, பைல்களை அடுக்கி வைப்பவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"சேர்ந்திட்டீரோ?"

"இல்லை அங்கிள். அதைத்தான் கேக்க வந்தனான்."

"சேர்ந்தால் சொல்லவேணும். மறைச்சால் அது வேறை வில்லங்கம். சொன்னால், அமெரிக்காவிலை உள்ள சங்கம் எண்டு அங்கை எழுதி விசாரிப்பாங்கள். அந்த மறுமொழி வரும்வரை உம்முடைய பைல் அசையாது. நான் பைல் அடுக்கிறவன் தம்பி. பைலுக்கை ஒரு தாள் கூடினால், அதை வாசிக்க ஒரு ஆள் வேணும்."

"அப்ப விடட்டோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசனை வரும்போது அப்படிச் செய்வார்.

"பொறும். சேர்றது வேறை, கூப்பிட்டது வேறை. உம்மைக் கூப்பிட்டது நல்ல விஷயம். கொலிஜே உம்மை மதிக்குது எண்டதுக்கு அத்தாட்சி. கடிதத்தைக் கொப்பி அடிச்சு பைலுக்கை வைப்பம். ஆனால் நீர் சேராதையும். மதிப்பும் வந்தது, மெம்பரும் இல்லை. எப்பிடி?"

எனக்கு உடம்பு லேசானது போல இருந்தது. இத்தனை நாள் நான் தேடிய வழி இதுதான் என்று பட்டது. அவர் கொப்பி இயந்திரத்தின் மூடியைத் தூக்கினார். வேலைக் கடிதம் கைவிட்டுப் போகிறதே என்ற ஒரு முள் மட்டும் உள்ளே கிடந்தது.

அந்த ஞாயிறு, பேசி வைத்தபடி, லொட்ஜுக்குக் கீழே இருந்த கொமினிகேஷன் கடைக்குப் புனிதம் வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசியில் நான் சொல்வது அங்கே போய்ச் சேர ஒரு கணம் பிந்தும். அந்த இடைவெளியில் அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று தெரியவில்லை.

"உங்களை ஒருத்தர் கெட்டிக்காரன் எண்டு சொல்ல, அதுக்கும் நாலு பேரிட்டைப் போய் அனுமதி கேட்டனீங்களோ?"

"அனுமதி இல்லையப்பா. யோசனை."

"உங்களுக்கு விருப்பமோ, இல்லையோ?"

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மனுஷி எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது.

"விருப்பந்தான்," என்றேன். "ஆனா நீர் என்ன சொல்லுறீர்?"

"என்னைக் கேக்காதேங்கோ. நான் வேண்டாம் எண்டால், இவளாலைதான் விட்டனான் எண்டு பேந்து சொல்லுவியள். சேருங்கோ எண்டு சொல்லி அது பிழைச்சுதெண்டால், இந்த அறையிலை இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் சொன்னதை நானே நினைச்சுக்கொண்டு இருக்கவேணும். பிழைச்சால் நான் என்னத்தை நினைச்சு நோகிறது எண்டதையும் என்னட்டையே கேக்கிறியள்."

"அப்பிடியில்லை புனிதம்..."

"பின்னாலை ஆக்கள் நிக்கினம். வைக்கிறன்."

வெள்ளிக்கிழமை மிஸிஸ் கோவால்சிக்கிடம் பதிலைக் கையில் கொடுத்தேன். அழைத்ததற்கு நன்றி, வேலை நேரம் இடம் தராது என்று எழுதியிருந்தேன். அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாதத்தில் ஒரு மாலைதான் வர வேண்டும். அதற்குமா?"

"ஆம்."

"நான் உங்களை ஏதாவது புண்படுத்திவிட்டேனா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவரிடம் என்ன சொல்வது? மெழுகுதிரி, உறுதிமொழி என்றதும் எனக்கு ஒபிசரின் அறை தெரிந்ததென்றா? அவர் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். மிசிசாகாக் கம்பனியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு வகுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். புள்ளி மட்டும் குறையவில்லை.

வைபவம் நடந்த சனிக்கிழமை மாலை நான் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சொன்ன காரணமாவது உண்மையாக இருக்கட்டும் என்று, கேட்டு வாங்கிய வேலை நேரம் அது.

நவம்பர் முடிவில் இன்ரவியூவுக்குப் போனேன். அன்புராசா அண்ணை ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தார். எனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு எடுக்கும்படி அமிர்தநாதர் சொல்லியிருந்தார். கேள்வி இரண்டு தரம் காதில் விழும். யோசிக்க நேரம் கிடைக்கும். இந்தத் தடவை மொழிபெயர்க்க வந்தது மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை, தேனுகா என்று பெயர். அதே நரைத்த மீசை ஒபிசர்.

பழைய கேள்விகள் எல்லாம் ஒரு சுற்று வந்தன. பழைய பதில்களைச் சொன்னேன். கனடாவில் ஏதாவது சங்கத்தில் சேர்ந்தீர்களா என்றார். இல்லை. அவர் பைலைப் புரட்டினார். ஒரு தாளில் கை நின்றது. முகம் மலர்ந்தது.

"அட, இது நல்ல செய்தியாயிற்றே. என் மகளும் தன் கொலிஜில் இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறாள். வாழ்த்துக்கள்."

நன்றி என்றேன்.

"ஆனால் சேரவில்லை என்கிறீர்களே?"

"சேரவில்லை."

"ஏன்?"

தேனுகா அந்த ஒரு சொல்லையும் மொழிபெயர்த்தாள். "ஏனாம்?"

"நேரமில்லை," என்றேன்.

"மாதத்தில் ஒரு மாலை என்று என் மகள் சொல்வாள்." அவர் பேனையின் மூடியைக் கழற்றினார். குரலில் இருந்த மகிழ்ச்சி போய்விட்டது. "இப்படி ஒரு மதிப்பை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அழைப்பைக் கொண்டுவந்து எங்களிடம் தந்திருக்கிறீர்கள். ஆனால் சேரவில்லை. எனக்கு விளங்கவில்லை. உண்மைக் காரணம் என்ன?"

இதற்கு அமிர்தநாதர் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. இந்தப் பக்கத்தால் ஒரு கேள்வி வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சேர்ந்தால் ஏன் சேர்ந்தாய் என்பார்கள் என்றுதான் எல்லோரும் பயந்தோம். சன்னல் இல்லாத அறை அது. சுவரோடு கிடந்த வெப்பக் குழாய் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இங்கே இதுவரை உண்மையையே சொல்லி வந்தவன், இதையும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன்.

"சேர்ந்தால் நீங்கள் அதைப் பற்றி விசாரிப்பீர்கள், அதனால் என் மனைவி வருவது பிந்தும் என்று பயந்தேன்."

தேனுகா என்னைப் பார்த்தாள். "இப்பிடியே சொல்லட்டா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம். இப்பிடியே."

சொன்னாள். ஒபிசர் உடனே எழுதவில்லை. கதிரையில் சாய்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஒரு புதிய கதவைக் கண்டவரின் கவனம்.

"நாங்கள் விசாரிப்போம் என்று உங்களுக்குச் சொன்னது யார்?"

எனக்கு ஆங்கிலத்திலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் தேனுகா தமிழில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தேன். வெளியே நீள வாங்கில் அன்புராசா அண்ணை மப்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அமிர்தநாதர் இந்நேரம் வேறு யாருடையவோ பைலை அடுக்கிக்கொண்டிருப்பார். ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்கு ஒரு தாள் கூடும்.

"ஒருவரும் சொல்லவில்லை. நானாக யோசித்தேன்."

"ஒருவரிடமும் கேட்கவில்லையா?"

"இல்லை. ஒருவரிடமும் கேட்கவில்லை."

அந்த அறையில் நான் சொன்ன முதல் பொய் அது. தேனுகா அதை நல்ல சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள். ஒபிசர் எழுதத் தொடங்கினார். எழுதி, பக்கத்தைத் திருப்பி, மறுபக்கத்திலும் எழுதினார். பிறகு, தேவைப்பட்டால் மறுபடி கூப்பிடுவோம் என்று சொல்லி எழுந்து கை குலுக்கினார்.

வெளியே வந்ததும் அண்ணை ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"என்ன கேட்டவன்? சங்கத்தைப் பற்றிக் கேட்டவனோ?"

"கேட்டவன்."

"பாத்தீரே! நான் சொன்னனான் எல்லோ!" அவருக்கு முகமெல்லாம் சந்தோசம். இத்தனை வருடத்தில் அவருடைய கணக்கு ஒன்று சரிவந்திருக்கிறது. "நல்ல காலம் நீர் சேரேல்லை. சேர்ந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பீர்? இல்லையெண்டு சொன்னவுடனை விட்டிட்டானோ?"

"ஓம் அண்ணை. சேரேல்லை எண்டு சொன்னனான். எழுதினவன்."

"அது காணும். வாரும், புனிதத்துக்கு எடுத்துச் சொல்லுவம்."

லிப்ட் வந்தது. அவர் முன்னே ஏறி, எனக்காகக் கதவைக் கையால் மறித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.